வங்குரோத்தில் கையெழுத்திடும் முன்: ஒன்ராறியோவில் வங்கிக் கணக்கையும் வீட்டுக் காசையும் ஒழுங்குபடுத்துவது

கடன் இனி அடைபடாது என்று தெரிந்த பிறகு, வங்குரோத்துப் பத்திரங்களில் கையெழுத்திட ஒரு மணித்தியாலம் போதும். அதற்கு முந்திய ஆறு முதல் எட்டுக் கிழமைகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. சம்பளம் எந்த வங்கிக்குப் போகிறது, எந்தக் கடன் எந்தக் கணக்கிலிருந்து கழிகிறது, யாருக்குக் காசு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் இந்தக் காலத்தில் சீராக இருந்தால் பின்னால் வரும் மாதங்கள் அமைதியாகப் போகும். குழப்பமாக இருந்தால் வாடகைக் காசே கைக்கு வராமல் போகலாம்.

வங்குரோத்துச் சட்டம் கனடா முழுவதற்கும் ஒன்றுதான். எந்தச் சொத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். இங்கே சொல்வது ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்தத் தயாரிப்பு காசை ஒளிப்பதற்கு இல்லை. ஒவ்வொரு டொலரும் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று யாராவது கேட்டால், கடதாசியைக் காட்டிப் பதில் சொல்லும் நிலையில் இருப்பதற்காக.

1. எதையும் அசைக்கும் முன் ட்ரஸ்டியைப் பாருங்கள்

கனடாவில் வங்குரோத்தைப் பதிவு செய்து நடத்த, அரச உரிமம் பெற்ற ட்ரஸ்டியால் மட்டுமே முடியும். சட்டத்தரணியாலோ கணக்காளராலோ "கடன் ஆலோசகர்" என்று விளம்பரம் போடுபவராலோ முடியாது. முதல் சந்திப்புக்கு ட்ரஸ்டிகள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை.

இங்கேதான் முதல் பொறி. "உங்கள் கடனை வெகுவாகக் குறைத்துத் தருகிறோம்" என்று தமிழிலேயே பேசி, படிவம் நிரப்புவதற்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ வாங்கிக்கொண்டு, கடைசியில் உங்களை ஒரு ட்ரஸ்டியிடமே அனுப்பிவைக்கும் இடைத்தரகர்கள் உண்டு. அந்தக் காசு முழுவதும் வீண். வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் ஒருவருக்கு உரிமம் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். மொழி சிரமம் என்றால் நம்பிக்கையான ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிப் போங்கள். அதற்காகத் தரகரிடம் போகத் தேவையில்லை.

ட்ரஸ்டி உங்கள் சட்டத்தரணி இல்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். அவர் நீதிமன்றத்தின் அலுவலர். உங்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் நடுவே நிற்பவர். வீட்டில் பிரிவு, விவாகரத்து, அண்மையில் பெயர் மாற்றிய வீடு போன்ற சிக்கல் இருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுவது நல்லது.

முதல் சந்திப்பிலேயே "கன்ஸ்யூமர் புரப்போசல்" என்ற மாற்று வழியின் கணக்கையும் கேளுங்கள். வசிக்கும் வீட்டின் மோட்கேஜ் தவிர்ந்த கடன் 250,000 டொலருக்குள் இருந்தால் அது சாத்தியம். கடனில் ஒரு பகுதியை, வட்டியில்லாமல், அதிகபட்சம் 5 ஆண்டுகளில் கட்டுவதாக ஒப்பந்தம். கடன் தொகையின்படி பெரும்பான்மையான கடன்காரர்கள் (கடன் கொடுத்தவர்கள்) ஒத்துக்கொண்டால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். சொத்து கையைவிட்டுப் போகாது. ஆனால் மூன்று மாதக் கட்டணம் தவறினால் ஒப்பந்தம் முறிந்துவிடும்.

எங்கள் குடும்பங்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று: வங்குரோத்திலிருந்து விடுபடும்வரை, அதாவது கடன்கள் சட்டப்படி நீங்கும் நாள்வரை, வெளிநாட்டிலிருந்து துணைவரையோ பெற்றோரையோ ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஏற்கனவே விண்ணப்பம் போட்டு முடிவு வரவில்லை என்றாலும் இது பொருந்தும். புரப்போசலுக்கு இந்தத் தடை இல்லை. அதேபோல, விடுபடும்வரை ஒரு கம்பனியின் இயக்குநராக இருக்க முடியாது. சொந்தப் பெயரில் ட்ரக் கம்பனி, கடை என்று பதிந்து வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

செலவு: சொத்தும் மேலதிக வருமானமும் (வரம்பைத் தாண்டும் வருமானம், 8ஆம் பகுதி) இல்லாத சாதாரண வங்குரோத்துக்கு ஏறக்குறைய 1,800 முதல் 2,300 டொலர். பெரும்பாலும் மாதம் 200 டொலருக்குச் சற்று மேலாக 9 மாதங்களில் கட்டலாம்.

2. கடன் பட்டியல்: அறிக்கையில் இல்லாததைத்தான் முதலில் தேடுங்கள்

கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். இரண்டையும் எடுங்கள், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் இருக்கும். அறிக்கையில் பெரும்பாலும் வராதவை: வருமான வரி பாக்கி, 407 நெடுஞ்சாலைக் கட்டணம், பழைய பேடே கடன் (அடுத்த சம்பளம்வரை கூடிய வட்டிக்கு எடுக்கும் குறுங்கடன்), நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியது, பிணை நின்ற கடன், சீட்டு.

407 பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. வங்குரோத்தில் விடுபட்ட பிறகும் அந்தக் கடனைக் காட்டி வாகன இலக்கத் தகட்டைப் புதுப்பிக்க மறுக்க முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. ஆகவே அதைப் பட்டியலில் சேர்க்கத் தயங்காதீர்கள்.

வங்குரோத்தில் அழியாதவை: பிரிந்த குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய பிள்ளைப் பராமரிப்புக் காசும் துணைவர் பராமரிப்புக் காசும், நீதிமன்ற அபராதம், ஏமாற்றி வாங்கியதாக நிரூபணமான கடன், படிப்பை விட்டு 7 ஆண்டு ஆகாத அரச மாணவர் கடன். மாணவர் கடன் உள்ளவர்கள் படிப்பு முடிந்த சரியான திகதியைத் தேடி எடுங்கள். 7 ஆண்டு நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது கையெழுத்திட்டால் அந்தக் கடன் முழுவதும் உங்கள் தலையில் தங்கிவிடும்.

ஈட்டுக் கடன்கள், அதாவது மோட்கேஜும் கார்க் கடனும், தனி வகை. பொருளை வைத்திருக்க விரும்பினால் தொடர்ந்து கட்ட வேண்டும்.

3. கடன் இல்லாத வங்கியில் புதிய கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நீங்கள் கடன்பட்டிருக்கும் வங்கியிலேயே சம்பளமும் விழுகிறது என்றால், கடன் தவணை தவறும்போது அந்த வங்கி உங்கள் வைப்பிலிருந்து காசை எடுத்துத் தன் கடனுக்குக் கழித்துக்கொள்ளலாம். நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. முன்னறிவித்தலும் பெரும்பாலும் வராது. கடனட்டைக்கோ லைன் ஒஃப் கிரெடிட்டுக்கோ (தேவைப்படும்போது எடுக்கும் வங்கிக் கடன் வசதி) கையெழுத்திட்டபோதே இந்த அனுமதியைக் கொடுத்திருப்பீர்கள். வங்குரோத்து அறிவித்தல் போய்ச் சேர்ந்ததும் கணக்கை முடக்கும் வங்கிகளும் உண்டு. சம்பளம் உள்ளே மாட்டினால் எடுப்பதற்கு ட்ரஸ்டி ஊடாக அலைய வேண்டிவரும்.

புதிய கணக்கு திறக்கும்போது பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டான்ஜரின் ஸ்கொஷியா வங்கிக்குச் சொந்தமானது. சிம்ப்ளி சி.ஐ.பி.சி.யின் ஒரு பிரிவு. எம்.பி.என்.ஏ. கடனட்டை டி.டி. வங்கியுடையது. எச்.எஸ்.பி.சி. கனடாவை 2024-இல் ஆர்.பி.சி. வாங்கிவிட்டதால் பழைய எச்.எஸ்.பி.சி. கடன் இப்போது ஆர்.பி.சி. கடன். கடைப் பெயரில் வரும் கடனட்டைகளுக்கும் பின்னால் ஒரு வங்கி இருக்கும். மாதக் கூற்றின் அடியில் சிறிய எழுத்தில் அதன் பெயர் இருக்கும். உங்கள் கடன்காரர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒன்றோடும் தொடர்பில்லாத வங்கியைத் தேர்ந்தெடுங்கள்.

வங்குரோத்தானவர் என்பதற்காகவோ, வேலை இல்லை என்பதற்காகவோ, போட உடனே காசு இல்லை என்பதற்காகவோ வங்கி கணக்குத் திறக்க மறுக்கக் கூடாது. இது கூட்டாட்சி வங்கிச் சட்டம் தரும் உரிமை. ஏற்கத்தக்க அடையாள ஆவணம் இரண்டைக் கொண்டு நேரே கிளைக்குப் போங்கள். மறுத்தால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். தர வேண்டியது அவர்களுடைய கடமை. கிரெடிட் யூனியன்கள் மாகாணச் சட்டத்தின்கீழ் வருவதால் இந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது.

உரிமை இருக்கிறது என்பதால் கையெழுத்திட்ட பிறகு திறந்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். முன்பே திறந்தால் கேள்வியே எழாது. திறக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- மாதக் கட்டணம் குறைந்த அடிப்படைக் கணக்கைக் கேளுங்கள். கேட்காவிட்டால் விலை கூடிய பொதியைத்தான் காட்டுவார்கள்.
- மேலதிகப் பற்று வசதி (ஓவர்டிராஃப்ட்) வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் கடன்தான். அதைத் தொட்டால் புதிய வங்கியும் கடன்காரர் பட்டியலில் ஏறிவிடும். நீங்கள் செய்த வேலை எல்லாம் பாழ்.
- "வரவேற்புப் பரிசு" என்று நீட்டும் கடனட்டையை வாங்காதீர்கள்.
- கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.
- நேரடி வைப்புப் படிவத்தில் மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேலையிடம், வீட்டுக்காரர், காப்புறுதி எல்லாரும் கேட்பார்கள்.

புதிய கணக்கில் போடும் காசோலைகளைச் சில நாள் தடுத்து வைப்பார்கள். சம்பளம் காசோலையாக வருகிறது என்றால், முதலாளியிடம் நேரடி வைப்புக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

4. வரவை முதலில் மாற்றுங்கள், கழிவைப் பிறகு

ஒழுங்கு முக்கியம். முதலில் சம்பளம். வேலையிடத்தின் சம்பளப் பிரிவுக்குப் புதிய படிவத்தைக் கொடுத்தால் ஒன்று அல்லது இரண்டு சம்பளச் சுற்று எடுக்கும். முதல் சம்பளம் புதிய கணக்கில் விழுந்ததைக் கண்ணால் காணும்வரை பழைய கணக்கை மூடக் கூடாது. மூடிய கணக்குக்குப் போன சம்பளம் திரும்பிவர நாட்கள் எடுக்கும்.

இரண்டாவது சி.ஆர்.ஏ., அதாவது கனடாவின் வருமான வரித் திணைக்களம். அங்கிருந்து பிள்ளைகள் உதவிக் கொடுப்பனவு வழக்கமாக மாதத்தின் 20ஆம் திகதி அளவில் வரும். உங்கள் சி.ஆர்.ஏ. இணையக் கணக்கில் நேரடி வைப்பு விபரத்தை அதற்கு நன்கு முன்பாக மாற்றுங்கள். வங்குரோத்துக் காலத்திலும் இந்தக் கொடுப்பனவு உங்களுக்கே வரும். ஜி.எஸ்.டி. கிரெடிட்டும் (விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் காசு) வரி மீளளிப்பும் அப்படி இல்லை. அவை ட்ரஸ்டிக்குப் போகும். அந்தக் காசை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

இதன் பிறகுதான் கழிவுகள். கடந்த மூன்று மாத வங்கிக் கூற்றையும் கடனட்டைக் கூற்றையும் அச்சடித்து, தானாகக் கழியும் ஒவ்வொன்றையும் கோடிடுங்கள். இரண்டாகப் பிரியுங்கள்: தொடர வேண்டியவை (வாடகை, கார்த் தவணை, கார்க் காப்புறுதி, மின்சாரம், எரிவாயு, போன், பிள்ளைப் பராமரிப்பு), நிற்க வேண்டியவை (கடனட்டை, லைன் ஒஃப் கிரெடிட், பேடே கடன், உடற்பயிற்சிக்கூடம் போன்ற சந்தாக்கள்). தொடர வேண்டியவர்களை அழைத்துப் புதிய கணக்கு இலக்கம் கொடுங்கள்.

கடனட்டையில் கழியும் காப்புறுதியை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அட்டை நின்றதும் தவணை தவறும், காப்புறுதி இரத்தாகும், தெரியாமலே காப்புறுதி இல்லாத காரை ஓட்டுவீர்கள். போன் கட்டணமும் இணையக் கட்டணமும் இதே வழியில் தவறும்.

மோட்கேஜோ கார்க் கடனோ நீங்கள் கடனட்டை வைத்திருக்கும் அதே வங்கியில் இருந்தால், புதிய வங்கிக் கணக்கிலிருந்து தவணையை எடுக்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், தவணைத் தொகையை மட்டும், தவணை நாளை ஒட்டிப் பழைய கணக்கில் போடுங்கள்.

5. கூட்டுக் கணக்கும் துணைவரின் பெயரும்

கணவர் வங்குரோத்தானால் மனைவியும் வங்குரோத்தாவதில்லை. மனைவி கையெழுத்திடாத கடனுக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் சேர்ந்து கையெழுத்திட்ட கடன், பிணை நின்ற கடன் இரண்டும் முழுத் தொகையுடன் மற்றவரின் தலையில் விழும். பாதி அல்ல, முழுவதும். மைத்துனரோ நண்பரோ உங்கள் கார்க் கடனுக்குப் பிணை நின்றிருந்தால், வங்கி அழைப்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் பக்கத்தில் ஆயத்தம் செய்ய ஒரு மாதமாவது வேண்டும்.

துணைக் கடனட்டைகளையும் பாருங்கள். சில வங்கிகளின் ஒப்பந்தத்தில் இரண்டாவது அட்டைக்காரரும் கடனுக்குப் பொறுப்பு. விண்ணப்பத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

வங்குரோத்தில் கையெழுத்திடும் நாளில் கூட்டுக் கணக்கில் இருக்கும் காசில் உங்கள் பங்கு ட்ரஸ்டியின் கணக்குக்குள் வரும். துணைவரின் சம்பளம் அவருடைய தனிக் கணக்குக்குப் போகட்டும். வயதான பெற்றோரின் கணக்கில் உதவிக்காக உங்கள் பெயரும் இருந்தால், அந்தக் காசு அவர்களுடைய ஓய்வூதியம் என்று காட்டும் கூற்றுகளை எடுத்து வையுங்கள், ட்ரஸ்டியிடம் அதைச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் பெயரை நீக்கினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

6. தொடக் கூடாதவை

நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்ளும் இடம் இது.

*உறவினர் கடனை முதலில் அடைப்பது.* "வங்கி எப்படியாவது போகட்டும், அண்ணாவின் காசைக் கொடுத்துவிடுவோம்" என்று தோன்றும். சட்டத்தின் கண்ணில் அண்ணாவும் வங்கியும் ஒரே வரிசையில் நிற்கும் கடன்காரர்கள். வங்குரோத்துக்கு முந்திய 12 மாதத்துக்குள் உறவினருக்கும், 3 மாதத்துக்குள் மற்றவர்களுக்கும் சலுகையாகக் கொடுத்த காசை ட்ரஸ்டி அவர்களிடமிருந்தே திருப்பிக் கேட்கலாம். அண்ணாவுக்குத்தான் தலையிடி. விடுபட்ட பிறகு உங்கள் விருப்பத்தில் அவருக்குக் கொடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

*பெயர் மாற்றுவது.* வீடு, கார், வெளிநாட்டுக் காணி எதையும் மனைவி பெயருக்கோ பிள்ளை பெயருக்கோ எழுதாதீர்கள். உறவினருக்குக் குறைந்த விலையில் கைமாறியது 5 ஆண்டு பின்னோக்கிக்கூட ஆராயப்படும். கையெழுத்திடும் நாளில் நிரப்பும் நிலைமை அறிக்கை, கடந்த 5 ஆண்டில் 500 டொலருக்கு மேல் கொடுத்த அன்பளிப்புகளை நேரடியாகவே கேட்கிறது. பதில் சத்தியக் கூற்று. பொய் சொன்னால் குற்றம்.

*ஊர்ச் சொத்தை மறைப்பது.* யாழ்ப்பாணத்தில் உள்ள காணியோ தமிழ்நாட்டில் வாங்கிய மனையோ எங்கே இருந்தாலும் உங்கள் சொத்துத்தான். உறுதியில் உங்கள் பெயர் இருந்தால் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவர்களோடு பங்கு, பிணக்கு, விற்க முடியாத நிலை என்றால் அதையும் சொல்லுங்கள். பெறுமதி குறைவாகவே மதிப்பிடப்படும். மனைவிக்குச் சீதனமாக எழுதிய காணி மனைவியுடையது. அதன் உறுதிப் பிரதி கையில் இருக்கட்டும்.

*சீட்டு.* இதைப் பற்றி ட்ரஸ்டி பெரும்பாலும் கேட்க மாட்டார். நீங்களே சொல்ல வேண்டும். இன்னும் எடுக்காத சீட்டில் கட்டிய காசு உங்கள் சொத்து. எடுத்து முடித்த சீட்டில் கட்ட வேண்டிய மிச்சம் உங்கள் கடன். வங்குரோத்துக்குச் சில கிழமைகளுக்கு முன் கழித்து எடுத்து, மிச்சத்தைக் கட்டாமல் விடுவது ஏமாற்று என்று வாதிடத்தக்கது. அப்படி நிரூபணமானால் அந்தக் கடன் அழியாது. சீட்டில் இருக்கும் மற்றவர்களும் உங்களைப் போலவே வேலை செய்து கட்டுபவர்கள் என்பதையும் நினையுங்கள். நீங்களே சீட்டு நடத்துபவர் என்றால், ட்ரஸ்டியைப் பார்க்கும் முன் சட்டத்தரணியிடம் போங்கள்.

*ஆர்.ஆர்.எஸ்.பி.யை உடைப்பது.* கடனட்டைக்குக் கட்டுவதற்காக இந்த ஓய்வுக்காலச் சேமிப்பை எடுப்பதுதான் பார்க்கவே வேதனையான பிழை. கடந்த 12 மாதத்தில் போட்டது தவிர மற்ற ஆர்.ஆர்.எஸ்.பி. காசு முழுவதும் வங்குரோத்தில் பாதுகாக்கப்பட்டது. யாரும் தொட முடியாத காசை எடுத்து, அழியப் போகும் கடனுக்குக் கொடுக்கிறீர்கள். எடுக்கும்போது 5,000 டொலர் வரை 10%, 15,000 வரை 20%, அதற்கு மேல் 30% வரி பிடிப்பார்கள். ஆண்டு முடிவில் வருமானமாகவும் கூட்டப்படும்.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.வுக்குப் பொதுவாகப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கான ஆர்.ஈ.எஸ்.பி.க்கும் ஒன்ராறியோவில் பாதுகாப்பு இல்லை. திட்டம் கலைந்தால் அரசு போட்ட மானியம் திரும்பிப் போய்விடும். அதைத் தக்கவைக்க, அதன் பெறுமதியை ட்ரஸ்டிக்குத் தவணையாகக் கட்டலாமா என்று கேளுங்கள். பெரிய ஆர்.ஈ.எஸ்.பி. இருந்தால் புரப்போசலே மேல்.

*கடனட்டையைக் கடைசியாகக் கசக்குவது.* முடிவு எடுத்த நாளிலிருந்து அட்டையைத் தொடாதீர்கள். பணமாக எடுத்தல், ஓர் அட்டையால் இன்னோர் அட்டைக்குக் கட்டுதல், விமானச் சீட்டு, நகை என்று கடைசி மூன்று மாதத்தில் வரும் எதுவும் கண்ணில் குத்தும். கடன்காரர் உங்கள் விடுவிப்பை எதிர்க்க இது காரணமாகும்.

நகை: உங்களுடையதையும் மனைவியுடையதையும் பிரித்து எழுதுங்கள். உங்கள் நகைக்கு விற்பனை மதிப்பை ஒரு நகைக்கடையில் எழுதி வாங்கலாம். வாங்கிய விலையைப் போட வேண்டாம்.

வீட்டுத் தளபாடம், தொழிற்கருவி, ஒரு வாகனம் ஆகியவற்றுக்கு மாகாணம் விலக்கு வரம்பு வைத்திருக்கிறது. அந்தத் தொகை அவ்வப்போது திருத்தப்படுவதால் அன்றைய எண்ணை ட்ரஸ்டியிடம் கேளுங்கள். வசிக்கும் வீட்டில் உங்களுக்கு உரிய பெறுமதி, அதாவது விலையில் மோட்கேஜ் போக மிஞ்சுவது, சிறிய வரம்புக்குள் இருந்தால் முழுப் பாதுகாப்பு. வரம்பைத் தாண்டினால் அந்த விலக்கே கிடையாது.

7. வரித் தாக்கலை முடியுங்கள்

தாக்கல் செய்யாத ஆண்டுகள் இருந்தால் கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். தாக்கல் செய்யாவிட்டால் சி.ஆர்.ஏ.க்கு எவ்வளவு கடன் என்பதே தெரியாது. விடுவிப்பும் இழுபடும். டாக்சி, ஊபர், துப்புரவு ஒப்பந்தம் என்று சொந்தமாக உழைப்பவர்களுக்கு எச்.எஸ்.டி. (விற்பனை வரி) தாக்கலும் சேரும். வருமான வரிக் கடன் வங்குரோத்தில் அழியக்கூடியதுதான். ஆனால் அது 200,000 டொலர் அல்லது அதற்கு மேலும், மொத்த ஈடில்லாக் கடனில் 75 சதவீதம் அல்லது அதற்கு மேலும் இருந்தால், தானாக விடுபட முடியாது. நீதிமன்றம் போக வேண்டும்.

வங்குரோத்து நடந்த ஆண்டுக்கு இரண்டு தாக்கல்: ஜனவரி 1 முதல் வங்குரோத்துக்கு முந்திய நாள்வரை ஒன்று, மிச்ச நாட்களுக்கு இன்னொன்று. ட்ரஸ்டி பார்த்துக்கொள்வார். உங்கள் வழமையான கணக்காளரிடம் தனியாகக் கொடுத்துக் குழப்பாதீர்கள். மீளளிப்பு ட்ரஸ்டிக்குப் போகும் என்பதால், வழமையாகப் பெரிய மீளளிப்பு வருபவர்கள் எந்த மாதத்தில் கையெழுத்திடுவது என்று ஆலோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

8. மாத வருமானத்தைக் கணக்குப் போட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வங்குரோத்து, மேலதிக வருமானம் இல்லை என்றால் 9 மாதத்தில் தானாக விடுபடலாம். மேலதிக வருமானம் இருந்தால் 21 மாதம். இரண்டாவது வங்குரோத்து என்றால் 24 அல்லது 36 மாதம்.

வரி போகக் கைக்கு வரும் குடும்ப வருமானத்தை, குடும்பத்தின் ஆட்தொகைக்கு ஏற்ற வரம்போடு ஒப்பிடுவார்கள். வரம்பு ஒவ்வோர் ஆண்டும் மாறும். தாண்டியது 200 டொலர் அல்லது அதற்கு மேல் என்றால் அதில் பாதியைக் கட்ட வேண்டும். தனியாள் ஒருவர் வரம்பை 600 டொலர் தாண்டினால் மாதம் 300 டொலர், 21 மாதத்துக்கு 6,300 டொலர். இந்த இடத்தில்தான் புரப்போசலின் மாதத் தொகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புரப்போசலில் பிறகு சம்பளம் கூடினாலும் கட்டணம் கூடாது, வங்குரோத்தில் கூடும்.

பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவு, குழந்தைக் காப்பகச் செலவு, மருத்துவச் செலவு போன்றவை வருமானத்திலிருந்து கழிக்கப்படும். காப்பகத்துக்குக் கையில் காசாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்காமல் விட்டால் அந்தக் கழிவு கிடைக்காது. இப்போதிருந்தே பற்றுச்சீட்டு வாங்குங்கள். பக்டரியில் ஓவர்டைம், ஆண்டிறுதிப் போனஸ் வருபவர்கள் அது எந்த மாதங்களில் விழுகிறது என்று பார்த்து ட்ரஸ்டியிடம் சொல்லுங்கள். மாதங்களின் சராசரியைத்தான் எடுப்பார்கள்.

9. கோப்பு

ஒரே கோப்பில் போடுங்கள்: அடையாள ஆவணங்கள், எல்லாக் கணக்குகளின் கடந்த 12 மாதக் கூற்று (வெளிநாட்டுக் கணக்கு உட்பட), கடைசி மூன்று சம்பளத் துண்டு, துணைவரின் சம்பளத் துண்டு, கடைசி வரி மதிப்பீட்டு அறிவித்தல், கார் உரிமைப் பத்திரமும் கடன் மீதியும், மோட்கேஜ் மீதியும் வீட்டின் மதிப்பீடும், வாடகை ஒப்பந்தம், ஆர்.ஆர்.எஸ்.பி., ஆர்.ஈ.எஸ்.பி., காப்புறுதிப் பத்திரங்கள், பிரிவு ஒப்பந்தம் அல்லது நீதிமன்ற உத்தரவு, வசூல் கடிதங்கள்.

கூற்றுகளில் 500 டொலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு பண எடுப்புக்கும் அனுப்புதலுக்கும் பக்கத்தில் பென்சிலால் காரணம் எழுதுங்கள். ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் சிறு தொகையை விளக்குவது சுலபம். திடீரென்று ஒருமுறை போன 8,000 டொலரைத்தான் கேட்பார்கள்.

10. கையெழுத்திடும் கிழமை

அந்த நாளில் கணக்கில் இருக்கும் காசும் சொத்து. அந்த மாதச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் தேவையானதைப் பெரும்பாலான ட்ரஸ்டிகள் தொடுவதில்லை. ஆயினும் வாடகை நாள், சம்பள நாள் இரண்டையும் பார்த்து, வாடகை போன பிறகு கையெழுத்திடுவது வசதி. மிச்சம் இருந்தால் தள்ளிப்போட்ட பல் வைத்தியம், கார்த் திருத்தம், பிள்ளைகளின் மூக்குக் கண்ணாடி போன்ற தேவைகளுக்குப் பற்றுச்சீட்டோடு செலவு செய்யலாம். மொத்தமாகக் காசாக எடுத்து வீட்டில் வைக்காதீர்கள்.

எல்லாக் கடனட்டைகளையும் ஒப்படைக்க வேண்டும். மீதி இல்லாத அட்டையும் அதில் அடங்கும். விடுபடும்வரை 1,000 டொலர் அல்லது அதற்கு மேல் கடன் கேட்டால் வங்குரோத்து நிலையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆலோசனை வகுப்புகளின் திகதியை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். தவறினால் 9 மாதத்தில் விடுதலை கிடையாது. பதிவு ஈக்விஃபாக்ஸில் விடுபட்ட பின் 6 ஆண்டு இருக்கும்.

கடனுக்காக உங்கள் சம்பளத்தில் ஏற்கனவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நிறுத்தும் அறிவித்தலை அன்றைக்கே வேலையிடத்தின் சம்பளப் பிரிவுக்கு அனுப்பும்படி ட்ரஸ்டியிடம் கேளுங்கள், மறுநாள் நீங்களும் அழைத்து உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த சம்பளத்திலும் பிடித்துவிடுவார்கள். பிள்ளைப் பராமரிப்புக்காகப் பிடிப்பது மட்டும் நிற்காது. வசூல்காரர் அழைத்தால் ட்ரஸ்டியின் பெயர், போன் இலக்கம், உங்கள் கோப்பு இலக்கம் மூன்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். கடனைப் பற்றி விவாதிக்கத் தேவையில்லை.

பழைய கணக்கை ஓரிரு மாதம் வெறுமையாகத் திறந்து வைத்து, கூற்றைக் கவனியுங்கள். மறந்துபோன கழிவு ஏதாவது இருந்தால் அங்கேதான் தெரியும். பேடே கடன் நிறுவனம் கையெழுத்துக்குப் பிறகும் அதிலிருந்து எடுக்க முயன்றிருந்தால், அந்தக் கூற்றைப் படம் பிடித்து அன்றைக்கே ட்ரஸ்டிக்கு அனுப்புங்கள். அவர்களோடு பேசுவது இனி அவருடைய வேலை.